பழைய ஹைலக்ஸின் ஸ்டியரிங் கொலம்: அரை மணி நேர வேலையாம்!

3 ஓகஸ்ட் 2024, மாலை

துணுக்காயில் இருந்து ஒரு தம்பி கேட்கிறார்: “என்னிடம் 1991ஆம் ஆண்டு ஹைலக்ஸ் டபிள் கெப் நிற்கிறது. ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்துத் தூக்கினால் மேலும் கீழும் ஆடுகிறது. குழியில் இறங்கும்போது காலடியில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். கொலத்தை முழுதாகக் கழற்றிப் பெயாரிங் மாற்ற வேண்டும், 12 ஸ்பனரும் சுத்தியலும் இருந்தால் அரை மணி நேர வேலை என்று பக்கத்துக் கராஜில் சொல்கிறார்கள். நானே செய்யலாமா?”

செய்யலாம். கழற்றுவது அரை மணி நேரம் என்பதும் பொய் இல்லை. திரும்பப் பூட்டுவதற்கு எவ்வளவு நேரம் என்று அவர்கள் சொல்லவில்லை, அவ்வளவுதான். கொலம் என்றால் வளையத்தில் இருந்து கீழே போகும் குழாயும் அதற்குள் ஓடும் தண்டும்.

ஆனால் தம்பி, முதலில் வாகனத்துக்குக் கீழே படுங்கள். ஓட்டுகிறவருக்கு எல்லாச் சத்தமும் காலடியில் இருந்து வருவது போலத்தான் கேட்கும். வளையத்தில் இருந்து முன் சில்லு வரை எத்தனை மூட்டு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கொலத்தின் தண்டைக் கீழே இணைக்கும் ரப்பர் கப்ளிங், யூனிவர்சல் ஜொயிண்ட், ஸ்டியரிங் பொக்ஸ், பிட்மன் ஆர்ம், ட்ராக் லிங்கின் இரண்டு முனைகள், டை ரொட்டின் இரண்டு முனைகள், அதற்கப்பால் நக்கிள் பெயாரிங். இவ்வளவு பேரையும் விசாரிக்காமல் கொலத்தின் மீது பழியைப் போடுவது அநியாயம்.

ஒருவர் மேலே இருந்து வளையத்தை இடமும் வலமும் இரண்டு விரல் அளவுக்கு மட்டும் ஆட்ட வேண்டும். மற்றவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் கையை வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் உள்ளங்கைக்குத் தெரியும். மூட்டின் இந்தப் பக்கம் அசைந்து, அந்தப் பக்கம் ஒரு கணம் பிந்தி அசைந்தால் அங்கேதான் கள்ளன் இருக்கிறான்.

3 ஓகஸ்ட், இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். அந்தச் சோதனைக்குச் சில்லுகள் நிலத்தில் இருக்க வேண்டும். ஜாக்கில் ஏற்றிவிட்டுக் கீழே படுக்க வேண்டாம். கைபிரேக்கை இழுத்து, பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். பவர் ஸ்டியரிங் உள்ளது என்றால் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால்தான் ஆட்டம் சரியாகத் தெரியும். அப்போது மேலே இருப்பவர் நிதானமான ஆளாக இருக்க வேண்டும். என் மருமகன் ஒருமுறை தொலைபேசி அடித்ததும் கதவைத் திறந்து இறங்கிப் போய்விட்டான். எஞ்சின் ஓடுகிறது, நான் கீழே மல்லாந்து கிடக்கிறேன். அவன் வேப்ப மரத்தடியில் நின்று யாருடனோ சிரித்துக்கொண்டிருக்கிறான்.

5 ஓகஸ்ட்

“உங்களுக்கு இந்த வேலை எங்கே பழக்கம்?” என்று மாங்குளத்து நண்பர் கேட்டிருக்கிறார். மல்லாவியில்.

1996இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்த பிறகு மல்லாவிதான் எங்களுக்கு நகரம். ஒரு பாலை மரத்துக்குக் கீழே கராஜ். கூரை கிடையாது, மரம்தான் கூரை. மூத்த மெக்கானிக்கைப் பெரியண்ணை என்று கூப்பிடுவோம். பொருளாதாரத் தடை உள்ள காலம். டீசலும் இல்லை, பற்றரியும் இல்லை. மண்ணெண்ணெயில் கொஞ்சம் எண்ணெய் கலந்து எஞ்சினை ஓட்டினோம். உதிரிப்பாகம் என்றால் இன்னொரு வாகனத்தின் பிணம் என்று பொருள்.

ரப்பர் கப்ளிங் ஒன்று கிழிந்து வந்தது. பெரியண்ணை ஒரு லொறி ரயரின் கான்வஸ் பகுதியை வட்டமாக வெட்டி, ஆணி காய்ச்சி நான்கு துளை போட்டுப் பூட்டினார். அந்த வாகனம் ஒரு மாரி முழுக்க ஓடியது. எனக்கு அப்போது 19 வயது. இந்த மனிதருக்குத் தெரியாதது உலகத்தில் இல்லை என்று நினைத்தேன்.

இதை வாசித்துவிட்டு யாராவது ரயர் வெட்டப் போகிறீர்களா என்று பயமாக இருக்கிறது. வேண்டாம். அன்றைக்கு அதைவிட்டால் வேறு இல்லை. இன்றைக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தொலைபேசியில் சொன்னால் இரவு பஸ்ஸில் பொதி வந்துவிடுகிறது.

8 ஓகஸ்ட்

துணுக்காய்த் தம்பி கீழே படுத்துப் பார்த்துவிட்டாராம். ரப்பர் கப்ளிங்கில் வெடிப்பு இருக்கிறது, மற்ற மூட்டுகள் இறுக்கமாக இருக்கின்றன, ஆனால் வளையம் ஆடுவது ஆடுவதுதான் என்கிறார். ‘டொக்’ சத்தத்துக்குக் காரணம் கப்ளிங்காக இருக்கலாம். மேல் கீழ் ஆட்டம் கொலத்தின் மேல் முனையில் உள்ள பெயாரிங்காக இருக்க வேண்டும். சரி, கழற்றுவோம். சிறுபோக நெல் வெட்டி முடிந்து வாகனம் சும்மா நிற்கிறதாம், நல்ல நேரம்.

முதல் வேலை, முன் சில்லுகளை நேராக நிறுத்துவது. நேர் என்றால் முற்றத்தில் இருபது மீட்டர் ஓட்டிப் பார்த்து நிறுத்திய நேர். கண்ணால் பார்த்த நேர் அல்ல. பற்றரியின் மறை முனையைக் கழற்றுங்கள். திறப்பைத் துவாரத்தில் விட்டு முதல் நிலைக்குத் திருப்பி வையுங்கள். திறப்பை எடுத்துவிட்டால் பூட்டின் ஊசி தண்டுக்குள் விழுந்து இறுகிவிடும்; பிறகு தண்டை உருவ முடியாது.

ஹோர்ன் மூடியை எடுத்தால் நடுவில் பெரிய நட். என்னுடையதில் 19 சொக்கெட் பிடிக்கும். நட்டை முழுதாகக் கழற்றாதீர்கள். நுனியில் நான்கு புரி விட்டு வையுங்கள். வளையம் தண்டின் பற்களில் இறுகிப் போயிருக்கும். முழுப் பலத்தில் இழுக்கும்போது திடீரென்று விட்டால் நேராக உங்கள் மூக்குக்குத்தான் வரும். எனக்கு மேல் பல் ஒன்று பாதி இல்லை. யானை அடித்தது என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

வளையத்துக்கும் தண்டுக்கும் சேர்த்து ஒரே கோடாக வெள்ளைப் பெயின்ற் குறி போடுங்கள். கப்ளிங்கிலும் அப்படியே. சோக்குக் கட்டியால் போடாதீர்கள், கிறீஸ் பட்டால் போய்விடும். நகப்பூச்சு மிகவும் நல்லது. வீட்டில் கேட்டு வாங்குங்கள், கேட்காமல் எடுத்தால் அது வேறு பிரச்சினை.

வளையம் வராவிட்டால் தண்டின் நுனியில் ஒரு பித்தளைத் துண்டை வைத்து, பின்னால் ஒருவர் வளையத்தை இழுக்க, சுத்தியலால் இரண்டு தட்டு. வந்துவிடும். நாங்கள் எத்தனையோ வாகனத்தில் இப்படித்தான் எடுத்திருக்கிறோம்.

9 ஓகஸ்ட்

ஒட்டுசுட்டானில் இருந்து ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். தண்டில் சுத்தியலால் தட்டவே கூடாது என்கிறார். அவருடைய மகன் கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனத்தில் வாகனத் துறை படித்தவராம். மகனின் பாடக் குறிப்பையே படம் எடுத்துப் போட்டிருக்கிறார்.

நான் 27 வருடமாகத் தட்டுகிறேன். எந்தத் தண்டும் என்னிடம் முறையிட்டது இல்லை. பித்தளை வைத்துத் தட்டினால் ஒன்றும் ஆகாது.

11 ஓகஸ்ட், காலை

ஒட்டுசுட்டான் நண்பர் சொன்னது மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. என் பழைய ஹைலக்ஸின் கொலம் ஒன்று கொட்டிலில், உரச் சாக்குகளுக்குப் பின்னால் கிடக்கிறது. 2012இல் நானே தட்டிக் கழற்றியது. பிறகு வேறு கொலம் வாங்கிப் பூட்டினேன். அதை இழுத்து வெளியே போட்டேன்.

குழாயின் வாயில் குளவி மண் கூடு கட்டியிருந்தது. அதை உடைத்துத் தண்டை உருவி, கீழ்ப் பாதியை முழங்காலுக்கு இடையில் இறுக்கி, மேல் பாதியைப் பிடித்து அமுக்கினேன். உள்ளே போனது. இழுத்தேன். வெளியே வந்தது. கைப்பம்பு போல. ஓரத்தில் இரண்டு சிறு துளைகள். அவற்றில் இருந்து கறுப்பாக, எள்ளுப் போல, பிளாஸ்டிக் துணிக்கைகள் என் மடியில் உதிர்ந்தன.

அந்தத் தண்டு ஒரே கம்பி அல்ல. மேல் பாதி கீழ்ப் பாதிக்குள் செருகியிருக்கிறது. இரண்டையும் பிடித்து வைத்திருப்பது அந்தப் பிளாஸ்டிக் ஊசிகள் மட்டும். முன்னால் இருந்து பலமாக மோதினால் ஸ்டியரிங் பொக்ஸ் பின்னால் தள்ளும். தண்டு ஒரே கம்பியாக இருந்தால் ஓட்டுகிறவரின் நெஞ்சுக்கு ஈட்டி. அதனால் மோதும்போது ஊசிகள் அறுந்து, ஒரு பாதி மற்றதற்குள் மடங்கிக்கொள்ள வேண்டும் என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1968 முதல் புதிய கார்களுக்கு இது சட்டமாகவே வந்துவிட்டது. மோதலில் அறுவதற்கென்று வைத்த ஊசியை நான் சுத்தியலால் அறுத்திருக்கிறேன். தண்டு என்னிடம் முறையிடவில்லை என்று எழுதினேன். முறையிட்டுத்தான் இருக்கிறது. அந்த வருடம் வளையம் கொலத்தின் மூடியில் உராய்ந்துகொண்டே இருந்தது. மூடி வளைந்துவிட்டது என்று நினைத்து அரத்தால் ராவி விட்டேன்.

8ஆம் திகதி எழுதியதில் சுத்தியல் பற்றிய பகுதியை யாரும் பின்பற்ற வேண்டாம். அழிக்காமல் விடுகிறேன், நான் சொன்னதை நானே வாசிக்க வேண்டும். ஒட்டுசுட்டான் ஐயாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மகனிடமும்.

11 ஓகஸ்ட், சற்றுப் பிந்தி

துணுக்காய்த் தம்பி, நீங்கள் ஏற்கெனவே தட்டிவிட்டீர்களா? பதில் எழுதுங்கள்.

12 ஓகஸ்ட்

தட்டவில்லையாம். அப்பாடா. சுத்தியல் அயல் வீட்டில் இருந்ததால் புல்லர் (வளையத்தை இழுத்துக் கழற்றும் கருவி) வாங்கப் போனாராம்.

புல்லர் இல்லாதவர்களுக்கு: வளையத்தின் நடுப்பகுதியில், நட்டுக்கு இரு பக்கமும் புரி போட்ட இரண்டு துளைகள் இருக்கும். அவை அழகுக்கு அல்ல. அந்தத் துளைகளுக்குப் பொருந்தும் இரண்டு போல்ட் (என்னுடையதில் 8 மில்லிமீட்டர்), ஒரு தடித்த இரும்புப் பட்டை, நடுவில் தண்டை அமுக்க ஒரு பெரிய போல்ட். உருக்குக் கடையில் அரை மணி நேரத்தில் செய்து தருவார்கள். நடு போல்ட்டை மெதுவாக இறுக்கினால் வளையம் ‘டக்’ என்று விட்டுக் கொடுக்கும்.

13 ஓகஸ்ட்

நேற்று இரவு படுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது. வளையத்தைத் தூக்கி ஆட்டும்போது மற்றக் கையைக் கொலத்தின் குழாயில் வைத்துப் பாருங்கள். குழாய் அசையாமல் வளையம் மட்டும் ஆடினால் பெயாரிங். குழாயும் சேர்ந்து ஆடினால் பெயாரிங் குற்றவாளி அல்ல. டாஷ்போர்டுக்குக் கீழே கொலத்தைத் தாங்கும் போல்ட் இளகியிருக்கிறது, அல்லது வளையத்தை உயர்த்தித் தாழ்த்தும் பொறியின் ஊசி தேய்ந்திருக்கிறது. போல்ட்டை இறுக்க ஐந்து நிமிடம். கழற்றவே தேவையில்லை.

13 ஓகஸ்ட், இரவு

துணுக்காய்த் தம்பியின் பதில்: “அண்ணா, கொலம் இப்போது என் மடியில் இருக்கிறது. தாங்கும் போல்ட் இரண்டும் விரலாலேயே கழன்றன.”

என்ன சொல்வது. கப்ளிங் மாற்றத்தான் வேண்டும், அதற்கு எப்படியும் கொலத்தைப் பின்னால் இழுத்திருக்க வேண்டும் என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொள்கிறேன். அவர் சிரிக்கும் படம் ஒன்று போட்டிருக்கிறார். நல்ல பிள்ளை.

கையில் இருக்கும்போதே பெயாரிங்கையும் பாருங்கள். விரலை உள்ளே விட்டுச் சுழற்றினால் மணல் அரைபடுவது போல இருந்தால் மாற்றுங்கள். பெயாரிங்கின் பக்கவாட்டில் இலக்கம் பொறித்திருக்கும். அந்த இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள். வாகனத்தின் பெயரைச் சொன்னால் கடைக்காரர் கையில் அகப்பட்டதைத் தருவார்.

17 ஓகஸ்ட்

திருத்தத்துக்குத் திருத்தம். “என் தண்டும் நீள்கிறது, சுருங்குகிறது, நான் சுத்தியலே தொடவில்லை” என்று விசுவமடுவில் இருந்து ஒருவர் பதறுகிறார். எந்தத் தண்டு? சில வாகனங்களில் கொலத்துக்கும் ஸ்டியரிங் பொக்ஸுக்கும் நடுவில் இன்னொரு சிறு தண்டு உண்டு. அது நீள்வதும் சுருங்குவதும் இயல்பு. கொலத்தின் குழாய்க்குள் ஓடும் பிரதான தண்டுதான் கையால் அசையக் கூடாது.

சில மொடல்களில் கொலத்தைத் தாங்கும் பிடியிலும் இதே தந்திரம் இருக்கிறது. போல்ட் போகும் இடத்தில் சிறு உலோகத் துண்டு ஒன்று பிளாஸ்டிக்கால் ஒட்டியிருக்கும், மோதினால் கழன்று வழிவிடுவதற்கு. அது தொலைந்துவிட்டது என்று பெரிய வாஷர் போட்டு இறுக்குகிறவர்களைக் கண்டிருக்கிறேன். நானும் இறுக்கியிருப்பேன், ஞாபகம் இல்லை என்று சொல்லிவிடுகிறேன்.

18 ஓகஸ்ட்

எயார் பேக் பற்றிப் பரந்தனில் இருந்து கேள்வி. 1991 ஹைலக்ஸில் அது இல்லை, அதனால் நான் எழுதவில்லை. ஆனால் போருக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் ஏலத்தில் விட்ட பிந்திய பிக்கப்புகள் சில எங்கள் பக்கத்தில் ஓடுகின்றன. அவற்றில் உண்டு. வளையத்தின் நடுவில் எஸ்ஆர்எஸ் என்று எழுதியிருந்தால் இந்த இழையில் உள்ள எதையும் அப்படியே செய்ய வேண்டாம்.

பற்றரி முனையைக் கழற்றிய பிறகு குறைந்தது 90 விநாடி காத்திருக்க வேண்டும் என்பது டொயோட்டாவின் கணக்கு. உள்ளே சேமித்த மின்சாரம் இறங்குவதற்கு. நான் ஒரு தேநீர் குடித்துவிட்டுத்தான் தொடுவேன். மஞ்சள் பிளக் உள்ள வயர்களில் மீற்றர் வைத்துச் சோதிக்கக் கூடாது. கழற்றிய பையை முகம் மேலே பார்க்க வைக்க வேண்டும். கவிழ்த்து வைத்து அது வெடித்தால் பையே கூரைக்குப் போகும். வளையத்துக்குப் பின்னால் சுருள் வயர் ஒன்று இருக்கிறது. அதை மெதுவாக ஒரு பக்கம் முட்டும்வரை சுற்றி, பிறகு சுமார் இரண்டரைச் சுற்றுத் திரும்பி வந்து குறியைப் பொருத்த வேண்டும். நடுவில் இல்லாமல் பூட்டினால் முதல் முடக்கிலேயே அறுந்துவிடும்.

நான் அந்த வகையில் ஒன்றைத்தான் கழற்றியிருக்கிறேன். இரண்டாவதைக் கழற்ற ஆசை இல்லை.

25 ஓகஸ்ட்

இனிப் பூட்டுவது. இதை ஆறுதலாக எழுத வேண்டும் என்று ஒரு வாரம் தள்ளிப் போட்டேன்.

தண்டின் அடியில், கப்ளிங் பிடிக்கும் இடத்தில், பற்களுக்குக் குறுக்கே ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். கவ்வியின் போல்ட் அந்தப் பள்ளத்தின் ஊடாகப் போக வேண்டும். அப்படிப் போனால், போல்ட் கொஞ்சம் இளகினாலும் தண்டு மேலே உருவிக்கொண்டு வராது. கழற்றும்போது போல்ட்டை இளக்கினால் மட்டும் ஏன் தண்டு வருவதில்லை என்று பலர் சுத்தியலைத் தேடுவதும் இந்தப் பள்ளத்தால்தான். போல்ட்டை முழுதாக உருவ வேண்டும். பூட்டும்போது தண்டு போதிய அளவு உள்ளே போகாமல், பள்ளத்துக்கு மேலே கவ்வி நின்றாலும் போல்ட் போகும், இறுகும், பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும்.

2011இல் என் வாகனத்தின் ஸ்டியரிங் பொக்ஸை ஒரு கராஜில் கழற்றிப் பூட்டினார்கள். பெயர் வேண்டாம். நான்கு நாள் நன்றாக ஓடியது. ஐந்தாம் நாள் பரந்தன் முல்லைத்தீவு வீதியில் விசுவமடுவைத் தாண்டி வருகிறேன். வீதி அப்போது திருத்தவில்லை; குழிகளுக்கு இடையில் கொஞ்சம் வீதியும் இருந்தது. வேகம் முப்பது இருக்கும். முன்னால் ஒரு மாடு. வளையத்தை வலப்பக்கம் திருப்பினேன். திரும்பியது. இன்னும் திருப்பினேன், அப்படியே முழுச் சுற்றுப் போனது. வாகனம் நேரே போகிறது. கையில் எந்தப் பாரமும் இல்லை, வெறும் வளையம். மாடு என்னைப் பார்த்தது, நான் மாட்டைப் பார்த்தேன். பிரேக்கை மிதித்ததில் வாகனம் தானாகவே இடப்பக்கம் இழுத்து வாய்க்காலில் இறங்கி நின்றது. அந்தப் பிரேக் ஒரு பக்கம் இழுப்பதைத் திருத்தச் சொல்லி மனைவி மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

யாருக்கும் காயம் இல்லை. மாட்டுக்கும் இல்லை. கீழே படுத்துப் பார்த்தால் கவ்வி தன் இடத்தில் இருக்கிறது, போல்ட் இறுக்கமாக இருக்கிறது, தண்டு அதற்கு மேலே ஒரு விரல் இடைவெளியில் தொங்குகிறது. பற்களின் நுனி அரை அங்குலம் மட்டும் மினுங்கியது. அவ்வளவுதான் உள்ளே போயிருக்கிறது. கராஜில் கேட்டபோது “நீங்கள் வேகமாக ஓட்டியிருப்பீர்கள்” என்றார்கள்.

அதனால் தம்பி, போல்ட்டைப் போடுவதற்கு முன் துளை வழியாகக் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். பள்ளம் துளைக்கு நேரே தெரிய வேண்டும். போல்ட் கையால் தடையின்றிப் போக வேண்டும். இறுக்கிய பிறகு, ஒருவர் உள்ளே இருந்து வளையத்தைத் தன் பக்கமாகப் பலமாக இழுக்க, நீங்கள் கப்ளிங்கைப் பாருங்கள். பிறகு போல்ட்டின் தலைக்கும் கவ்விக்கும் சேர்த்து ஒரு பெயின்ற் கோடு. ஒரு வாரம் ஓடிவிட்டு அந்தக் கோடு உடைந்திருக்கிறதா என்று பார்க்கலாம்.

26 ஓகஸ்ட்

வளையத்தின் நட்டை எவ்வளவு இறுக்குவது என்று கேள்வி. என்னிடம் உள்ள பட்டறைப் புத்தகத்தில் சுமார் 35 நியூட்டன் மீட்டர். அளவு காட்டும் ஸ்பனர் இல்லை என்றால்: பிடி கால் மீட்டர் நீளம் இருக்கட்டும். நெல் நிறுக்கும் கொக்கித் தராசைப் பிடியின் நுனியில் மாட்டி, செங்குத்தாக 14 கிலோ காட்டும்வரை இழுங்கள். கணக்குச் சரி. என் மனைவி தராசைத் தேடிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்ய வேண்டாம்.

29 ஓகஸ்ட்

ஹோர்ன் அடிக்கவில்லையாம். நினைத்தேன். வளையத்தின் பின்பக்கம் ஒரு செப்பு வட்டம் இருக்கும். அதைத் தொட்டுக்கொண்டு நிற்க, சிக்னல் சுவிட்ச் பக்கத்தில் ஒரு பித்தளை நாக்கு, அகலம் ஒரு நெல்மணி அளவு. வளையத்தைச் சரித்து இழுக்கும்போது அது மடங்கிவிடும். குறட்டால் மெதுவாக நிமிர்த்தி, வட்டத்தைத் துடைத்து, ஒரு பொட்டுக் கிறீஸ் வையுங்கள். ஹோர்ன் இல்லாமல் ஏ9 வீதியில் ஏறாதீர்கள்.

30 ஓகஸ்ட்

அடிக்கிறது. ஆனால் இப்போது இடப்பக்கம் திரும்பினாலே அடிக்கிறதாம். நாக்கை அதிகம் நிமிர்த்திவிட்டார். அயலில் எல்லோரும் கல்யாண ஊர்வலம் என்று நினைத்து வெளியே வந்து பார்த்தார்களாம்.

7 செப்டெம்பர்

ஒட்டுசுட்டான் ஐயாவின் மகன் எழுதியிருப்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன்: வேலை முடிந்ததும் முன் சில்லுகளை உயர்த்தி, சட்டகத்துக்குக் கீழே தாங்கி வைத்து, வளையத்தை ஒரு முட்டில் இருந்து மறு முட்டு வரை சுற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது இறுகுகிறதா, வயர் ஏதாவது இழுபடுகிறதா, பிரேக் மிதியில் முட்டுகிறதா. பிறகு சில்லை நிலத்தில் இறக்கி, வளையத்தின் விளிம்பில் வெற்று ஆட்டத்தை அளவுகோலால் அளக்க வேண்டும். 30 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. தம்பியுடையது 18 என்கிறார். என்னுடையதை அளந்தேன். 34. இதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

1 டிசம்பர்

கடந்த வார மழையில் வீதி எல்லாம் வாய்க்கால். கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் நிற்கிறது என்று தம்பி எழுதியிருக்கிறார். கொலம் தரையைத் துளைத்துப் போகும் இடத்தில் ஒரு ரப்பர் மூடி உண்டு. அதன் உதடு மடங்காமல் இருக்க வேண்டும். போல்ட்டை இளக்கி, உதட்டை வெளியே எடுத்து, மீண்டும் இறுக்குங்கள். கொலத்தைக் கழற்ற வேண்டியதில்லை. கழற்ற வேண்டியதில்லை என்று இந்த முறை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

9 பெப்ரவரி 2025

வாகன இறக்குமதி திறந்துவிட்டார்களே, இனி இந்தப் பழையதை விற்றுவிடலாமா என்று தம்பி கேட்கிறார். 2020இல் மூடிய பிறகு ஐந்து வருடம் நாங்கள் எல்லோரும் பழசைத் தைத்துத் தைத்துத்தானே ஓடினோம். புதியதன் விலையைக் கேட்டுவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்.

16 பெப்ரவரி

கேட்டுவிட்டு வந்தார். விற்கவில்லையாம். அதோடு டாஷ்போர்டுத் தட்டில் இருந்து இரண்டு திருகாணிகளைப் படம் எடுத்துப் போட்டு, “அண்ணா, ஓகஸ்ட்டில் மிஞ்சியவை, இவை எங்கே போக வேண்டும்?” என்று கேட்கிறார். ஒன்று நீளம், ஒன்று குட்டை. நீளமானது கொலத்தின் கீழ் மூடியில் திறப்புப் பக்கம். குட்டையைப் பற்றி நான் கொட்டிலுக்குப் போய்ப் பழைய கொலத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

16 பெப்ரவரி, மாலை

அங்கேயும் அந்த இடத்தில் திருகாணி இல்லை.